சொட்டுநீரின் முப்பதாண்டுக் காத்திருப்பு: கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தில் துல்லியப் பண்ணையம் வேரூன்றிய வரலாறு

தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி வரும் இடத்தில் அமைந்துள்ள வேப்பனப்பள்ளி வட்டாரமும், அதைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களும், வேளாண் கருவிகளின் வரலாற்றை ஆராய்வோருக்குத் தனிக் கவனத்துக்குரியவை. கோயம்புத்தூரின் ஆய்வு வயல்களில் 1970ஆம் ஆண்டை ஒட்டியே அறிமுகமாகிவிட்ட சொட்டுநீர்ப் பாசனம் இப்பகுதியின் சிறு விவசாயிகளிடையே பரவலாக நிலைகொள்ள ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆயின. ஆனால் 2004இல் தொடங்கிய ஒரு திட்டத்தைத் தொடர்ந்து அதே கருவி சில பருவங்களுக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் பரவியது. இந்த நீண்ட தாமதத்துக்கும் அதன்பின் வந்த வேகத்துக்கும் காரணம் கருவியின் தொழில்நுட்பத்தில் ஏற்பட்ட மாற்றம் என்று கொள்ள இடமில்லை. சிதறிக் கிடக்கும் ஊர்களில் ஒரே தொழிலைச் செய்து வாழும் மக்களிடையே அறிவு எந்த வழிகளில் நடமாடுகிறதோ அந்த வழிகளில் கருவி முதன்முறையாக ஏற்றி அனுப்பப்பட்டதே காரணம் என்பதை இவ்வட்டாரத்தின் பாசன வரலாறு காட்டுகிறது.

ஒரே தொழிலைச் செய்வதன் மூலமாகவே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் மக்கள்திரளைச் சமூக அறிவியலாளர் தொழில்வழிச் சமூகம் என்று குறிப்பிடுகின்றனர். ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை வகுத்துரைத்தனர். தையற்காரர், மருத்துவச்சியர் போன்றோரிடம் புதிதாகச் சேர்பவர் பாடம் கேட்டுத் தேர்வதைவிட, தொழிலின் ஓரத்தில் சிறுபணிகளைச் செய்தபடியே படிப்படியாக அதன் நடுவுக்கு வந்து சேர்கிறார் என்பது அவர்களது முடிவு. ஒரே கூரையின்கீழ் இயங்கும் பட்டறைக்கு இது எளிதில் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் கிணற்றடியில் தனித்தே உழைக்கும் மேட்டுநில வேளாண்மையில், பக்கத்து ஊரில் ஒருவர் கண்டறிந்த நுட்பம் மற்றவர் கண்ணில் படுவதற்கே பல பருவங்கள் ஆகலாம். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்குவதால், கோயம்புத்தூரிலோ சென்னையிலோ அச்சிடப்பட்ட துண்டறிக்கை ஒன்று எல்லா வீடுகளிலும் ஒரேவிதமாகச் சென்று சேர்ந்ததென்று கருதவும் வழியில்லை.

இந்நிலத்தின் பாசனம் தொடக்கமுதலே தனிக்குடும்பங்களின் கையில் இருந்தது. திப்பு சுல்தானுடன் 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடம் வந்த பாராமகால் பகுதியில் கிருஷ்ணகிரி அடங்கியிருந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் 1799வரை இங்கு நிலங்களை அளந்து வரி விதித்த முறையிலிருந்தே, ஒவ்வொரு பயிர்செய்பவரிடமும் அரசு நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது. காவிரிக் கழிமுகத்தைப் போல ஒரே வாய்க்காலை நம்பி ஓர் ஊரே முறைவைத்துப் பாயும் ஏற்பாடு மேட்டுநிலங்களில் அரிது. ஏரிப் பாசனம் கிடைக்காத இடங்களில் கிணறே பாசனத்துக்கு ஆதாரமாக இருந்தது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி, சால் என்ற தோல் நீர்க்கலனை மேலிழுக்கும் கவலை இறைப்பே நெடுங்காலம் நீர் எடுக்கும் முறையாக நீடித்தது. கர்நாடகத்தின் கோலார்ப் பக்கத்திலிருந்து வேப்பனப்பள்ளி வழியாக வந்து தென்பெண்ணையில் சேரும் மார்க்கண்டேய நதி மழைக்காலத்தை நம்பி ஓடுவது. 1950களின் பிற்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்த கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்களும் அணைக்குக் கீழுள்ள நிலங்களுக்கே பாய்ந்ததால், மேற்புறத்தில் இருந்த இவ்வட்டாரம் கிணற்றையே தொடர்ந்து நம்பியிருந்தது.

கவலையின் இடத்தை எண்ணெய் எஞ்சினும், அதன்பின் மின்மோட்டாரும் பிடித்த மாற்றம், கருவிகள் இங்கு எவ்வாறு பரவுகின்றன என்பதற்கு முந்தைய சான்று. இந்திய விடுதலைக்குப் பிந்தைய பதிற்றாண்டுகளில் தமிழ்நாடு கிணறுகளுக்கு மின்னிணைப்பு வழங்குவதில் நாட்டிலேயே முன்னணியில் நின்றது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் அனைத்து விவசாயிகளுக்கும் 1990இலும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இருப்பினும் மோட்டார் நிலைகொண்டதற்கு மின்கம்பம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தருபவர், குழாயை இறக்கி ஏற்றத் தெரிந்தவர், வண்டியுடன் வந்து ஆழ்துளைக் கிணறு (போர்) போடுபவர் ஆகியோர் சந்தை கூடும் ஊர்களில் கடை விரித்த பின்னரே, மோட்டார் பழுதானால் பயிர் காய்ந்துவிடும் என்ற அச்சம் நீங்கியது. இத்தகைய கடைகள் பழுதுபார்ப்பதோடு நின்றுவிடவில்லை. எந்த ஊரில் எத்தனை அடியில் நீர் கிடைத்தது, எந்த மோட்டார் எவ்வளவு உழைக்கிறது என்ற செய்திகள் ஊருக்கு ஊர் சென்று சேர்ந்த சந்திப்புகளாகவும் அவை விளங்கின. கெட்டியான பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும் இந்நிலத்தில், ஒருவர் ஆழமாகப் போர் இறக்கியதும் அடுத்தவர் கிணறு வற்றியதால், பார்த்துச் செய்தல் என்பது விருப்பத்தாலன்றித் தேவையாலும் விரைந்து நடந்தது.

அரசின் வேளாண் விரிவாக்கப் பணி இதே காலத்தில் வேறொரு பாதையில் வளர்ந்தது. ஆய்வுநிலையத்தின் கண்டுபிடிப்பை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் அமைப்பையே விரிவாக்கம் என்ற சொல் குறிக்கிறது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவகரும், 1960களில் அகில இந்திய வானொலியின் வேளாண் ஒலிபரப்புகளும் இதன் முதற் கருவிகள்; வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் ஆடுதுறை 27 என்ற நெல் இரகத்தைத் தஞ்சை விவசாயிகள் ரேடியோ நெல் என்றே அழைத்தனர். 1980களில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பயிற்சி மற்றும் பார்வையிடல் முறையில், குறிப்பிட்ட நாளில் ஊருக்கு வரும் அலுவலர், தேர்ந்தெடுக்கப்பட்ட தொடர்பு விவசாயி ஒருவரிடம் செய்தியைச் சொல்ல, அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஒரே பயிரும் ஒரே பாசனமும் பரந்து கிடக்கும் சமவெளியில், விதையை மாற்று, இவ்வளவு உரம் இடு என்ற வகைச் செய்திக்கு இம்முறை ஓரளவு பயன்பட்டது. ஒருவர் தக்காளியும் அடுத்தவர் கேழ்வரகும் மற்றொருவர் மாந்தோப்பும் வைத்திருக்கும் நிலத்தில், பல உறுப்புகள் சேர்ந்து இயங்கவேண்டிய கருவி ஒன்றைச் சொல்லின்வழி மட்டும் கைமாற்றுவது கடினமாயிற்று.

சொட்டுநீர்ப் பாசனம் அத்தகைய கருவியே. இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸ் உருவாக்கிய சொட்டுவான், 1965இல் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணையில் நெடாஃபிம் நிறுவனம் தொடங்கப்பட்டதையடுத்து உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட முதல் இடங்களுள் கோயம்புத்தூரும் ஒன்று; வேளாண் பல்கலைக்கழகத்தின் நீர்நுட்ப மையத்தைத் தொடங்கி வழிநடத்திய ஆர். கே. சிவனப்பன், பல பயிர்களில் சோதனைகள் நடத்தி, இம்முறையின் முன்னோடியாக நாடெங்கும் அறியப்பட்டார். மோட்டாரிலிருந்து வரும் நீர் வடிகட்டியைக் கடந்து முதன்மைக் குழாய்க்கும், அங்கிருந்து பயிர்வரிசைகளின் ஓரமாக ஓடும் மெல்லிய பக்கக் குழாய்களுக்கும் சென்று, சொட்டுவான்களின் வழியே வேர்ப்பகுதியில் மட்டும் கசியும் இந்த அமைப்பில், நீரில் கரையும் உரத்தை வென்சுரி என்ற சிறு உறிஞ்சுகருவியின் வழியாகக் கலந்துவிட்டால் பாசனமும் உரமிடலும் ஒருசேர முடியும். இதுவே உரப்பாசனம் எனப்படுகிறது.

இவ்வளவு பொருத்தமான கருவி வறண்ட நிலத்தார் கையில் ஏன் சேரவில்லை என்பதற்கு விலை ஒரு பாதி விடைதான். கிணற்று நீரின் உப்பும் இரும்பும் பாசியும் சொட்டுவானின் நுண்துளையை அடைத்துக்கொள்ளும். எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். களையெடுக்கும் கொத்து பட்டாலும் குழாய் அறுபடும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. வடிகட்டியைத் தவறாமல் கழுவுதல், அமிலம் செலுத்தி அடைப்பை நீக்குதல், அறுந்த இடத்தில் இணைப்பான் செருகுதல் என்பவை எளிய பணிகளே. ஆயினும் அவற்றைச் செய்துகாட்ட அருகில் ஒருவரும் உதிரிப்பாகம் விற்க ஒரு கடையும் இல்லாத ஊரில், முதல் அடைப்போடு குழாயைச் சுருட்டி வைப்பதே அறிவுடைய முடிவாக இருந்தது. நீரில் கரையும் உரம் உள்ளூரில் கிடைக்காத நிலையில் கருவியின் பாதிப் பயனும் வீணாயிற்று. பாசன மின்சாரத்துக்குக் கட்டணமே இல்லாதபோது, நீரைச் சிக்கனமாக இறைப்பதால் கையில் மிஞ்சும் பணமும் ஏதுமில்லை. தனியொரு விவசாயியின் தயக்கமாக அலுவலகக் குறிப்புகளில் பதிவானது, உண்மையில் அவரைச் சுற்றி இருந்திருக்கவேண்டிய ஒரு சமூகம் இல்லாமையின் விளைவு.

தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட அதே ஆண்டில், தமிழ்நாடு அரசின் நிதியில், இரு மாவட்டங்களிலும் தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. 7.20 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2004-05 முதல் 2006-07 வரை 400 ஹெக்டேரில் நிறைவேற்றும் முழுப் பொறுப்பும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது; பேராசிரியர் இ. வடிவேல் இதன் பொறுப்பு அலுவலராக இருந்தார். துல்லியப் பண்ணையம் என்ற கருத்து அமெரிக்காவின் பரந்த வயல்களில் பிறந்தது. செயற்கைக்கோள் இடங்காட்டியின் துணையுடன் ஒரே வயலின் வெவ்வேறு மூலைகளில் மண்ணின் தன்மைக்கேற்ப வெவ்வேறு அளவில் உரமிடும் இயந்திரங்களையே அங்கு அது குறித்தது. தமிழ்நாட்டுத் திட்டத்திலும் தொலையுணர்வின் துணையுடன் மண்வளத்தை அறியும் பணி இடம்பெற்றது என்றாலும், ஒரு ஹெக்டேர் அளவிலான நிலத்தில் துல்லியம் என்பது ஒவ்வொரு செடியின் வேருக்கும் வேண்டிய நீரையும் உரத்தையும் வேண்டிய நாளில் தருவதாகவே பொருள்கொண்டது. ஆண்டாண்டாக ஆழமற்ற உழவால் இறுகிப்போன அடிமண்ணை உளிக்கலப்பையால் பிளத்தல், குழித்தட்டில் வளர்த்த நாற்று, வீரிய ஒட்டு இரகம், சொட்டுநீர், உரப்பாசனம் ஆகியவை ஒரே தொகுப்பாக வழங்கப்பட்டன.

முதலாண்டில் 100 ஹெக்டேருக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. தொடர் வறட்சியால் மனம் தளர்ந்திருந்த விவசாயிகள், சொட்டுநீர் அமைக்க ஹெக்டேருக்கு 75,000 ரூபாயும் சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாயும் முழு மானியமாகக் கிடைக்கும் என்று அறிவித்தபோதும் முன்வரத் தயங்கினர். முதற்பயிர் பல்கலைக்கழக அறிவியலாளரின் நேரடி வழிகாட்டலில் வளர்க்கப்பட்டது. அடுத்தடுத்த பயிர்களை விவசாயிகள் தாமே செய்தனர். விளைச்சலையும் அதற்குக் கிடைத்த விலையையும் கண்ட பின்னர், மானியம் 90 விழுக்காடாகக் குறைந்த இரண்டாமாண்டில் 200 ஹெக்டேருக்கும், 80 விழுக்காடாகக் குறைந்த மூன்றாமாண்டில் எஞ்சிய 100 ஹெக்டேருக்கும் விவசாயிகள் தாமாகவே திரளாகப் பதிவுசெய்தனர். அரசின் சலுகை குறையக் குறைய ஆர்வம் கூடிய இந்தத் திருப்பம், நம்பிக்கையின் ஊற்று எங்கிருந்தது என்பதைத் தெளிவாக்குகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பரவிய விதத்தை ஆராய்ந்து 1943இல் ரயனும் கிராஸும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வும் இதனோடு ஒத்துப்போகிறது: விதையைப் பற்றிய செய்தியை விவசாயிகள் முதலில் விற்பனையாளரிடமிருந்து அறிந்தனர், பயிரிடும் முடிவையோ பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்தே எடுத்தனர்.

திட்டத்தின் உண்மையான புதுமை அதன் அமைப்பிலேயே இருந்தது. அருகருகே நிலமுள்ள விவசாயிகளைத் தொகுதிகளாகத் தேர்ந்தெடுத்து, அவர்களைத் துல்லியப் பண்ணைய விவசாயிகள் சங்கங்களாக ஒன்றுசேர்த்ததால், ஒருவர் வயலில் நேர்ந்த அடைப்பும் அதற்குக் கண்ட தீர்வும் அடுத்தவருக்கு அன்றே பாடமாயின. சங்கக் கூட்டங்களில் பூச்சி, உரம், விலை ஆகியவை பற்றிய பேச்சு விவசாயிகளுக்குள்ளேயே நடந்தது. இடுபொருளைச் சேர்ந்து வாங்கவும் விளைபொருளுக்கு வணிகரிடம் விலை பேசவும் அவர்களால் முடிந்தது. அதே ஆண்டுகளில் ஊர்ப்புறத்திலும் கைபேசி பரவத் தொடங்கியிருந்ததால், சந்தை நிலவரத்தையும் பயிர்நோய் பற்றிய ஆலோசனையையும் கேட்க அடுத்த கூட்டம்வரை காத்திருக்கவேண்டிய நிலையும் மாறியது. முந்தைய விரிவாக்க முறையில் ஒரே ஒரு தொடர்பு விவசாயியின் தோளில் ஏற்றப்பட்ட சுமை, இங்கு ஒரு குழுவின் அன்றாட நடப்பாகக் கரைந்தது.

சமூக நாற்றங்கால் என்ற ஏற்பாடும் தனியே நோக்கத்தக்கது. நிழல்வலைக் குடிலில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் ஒரே சீராக வளர்ந்த நாற்றுகளை விவசாயிகள் பெற்று நட்டதால், விலைமிக்க ஒட்டுவிதை முளைக்காமல் போகும் இடர் ஒவ்வொருவர் தலையிலும் தனித்தனியே விழவில்லை. இவ்வட்டாரத்துக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் அந்நியமானதன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் மல்பெரி விவசாயிகளிடையே இளம்புழு வளர்ப்பு மையங்கள் இதே பணியைச் செய்கின்றன. நோய்க்கு எளிதில் ஆளாகும் தொடக்கப் பருவத்தில் பட்டுப்புழுக்களை ஓரிடத்தில் வளர்த்து, தேறியவற்றை மட்டும் வீடுகளுக்கு அனுப்புவது அவற்றின் நோக்கம். ஜப்பானிய ஒத்துழைப்புடன் மைசூரு மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1991 முதல் உருவாக்கிப் பரப்பிய ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் வெண்பட்டுப்புழுக் கலப்பினங்கள் தமிழ்நாடு-கர்நாடக எல்லையைக் கடந்து நிலைபெற்றதில் இம்மையங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. காய்கறியிலும் பட்டிலும், மிகுந்த திறனைக் கோரும் முதற்கட்டத்தைப் பொதுவில் எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் தனித்தனி வீடுகளிடம் விட்டதாலேயே, சிதறி வாழ்பவர் புதிய நுட்பத்தை ஏற்க முடிந்தது.

பலன்களின் அளவும் பதிவாகியுள்ளது. தருமபுரி மாவட்டத்தில் ஆர். மகேஸ்வரி, கே. ஆர். அசோக், எம். பிரகதீஸ்வரன் ஆகியோர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, துல்லியப் பண்ணையத்தால் தக்காளி விளைச்சல் 80 விழுக்காடும் கத்தரி விளைச்சல் 34 விழுக்காடும் உயர்ந்தன. மொத்த இலாப வரம்பு முறையே 165, 67 விழுக்காடு கூடியது. இம்முறையை ஏற்காதவர்களுக்குப் பெருந்தடையாக நின்றது பணமும் கடன்வசதியும் இல்லாமையே என்றும் அந்த ஆய்வு சுட்டியது. திட்டத்துக்குள் வந்தவர்களின் வெற்றியோடு வெளியே நின்றவர்களின் நிலையையும் சேர்த்துக் காட்டியது அதன் சிறப்பு: சமூகம் கற்றுத்தரலாம், முதலீட்டைத் தருவதற்கு அதனால் இயலாது.

எல்லைப்புறத்தின் பொருளியல் மாற்றமும் கருவிக்குச் சாதகமாக அமைந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய நிறுவனங்கள் ஓசூரில் ஆலைகளைத் தொடங்கியதையடுத்து வளர்ந்த தொழிற்பேட்டைகளும், விரிந்துகொண்டே வந்த பெங்களூரும் ஊர்ப்புற உழைப்பாளரை ஈர்த்தன. கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதானபோது, பாத்தி மாற்றி மடை திருப்ப ஆள் தேவைப்படாததும், வரிசைகளுக்கு இடையே ஈரம் படாததால் களை குறைவதும் விவசாயிக்குக் கண்கூடான ஆதாயங்களாயின. மும்முனை மின்சாரம் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் முழு நிலத்துக்கும் நீர் விட்டுவிட முடிந்ததும் அவற்றோடு சேர்ந்தது. பெங்களூர், சென்னை ஆகிய இரு பெருநகரச் சந்தைகளுக்கும் நெடுஞ்சாலை வழியே காய்கறி செல்ல முடிந்ததால், முதலீடு திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் வலுப்பெற்றது. நீரைச் சேமிக்கவென்று பரப்பப்பட்ட கருவி, ஆளையும் நேரத்தையும் சேமிப்பதாலேயே பலருக்கு ஏற்புடையதாயிற்று என்பது திட்டமிட்டோர் எண்ணியதிலிருந்து சற்று விலகிய விளைவு.

திட்டக் காலம் முடிந்தபின் இம்மாதிரி தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களுக்கும் எடுத்துச்செல்லப்பட்டது. 2006இல் நுண்ணீர்ப் பாசனத்துக்கென நடுவணரசின் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் என்ற ஏற்பாடு பின்னர் நிலைபெற்றது. கருவி எட்டிய பரப்பு இதனால் பன்மடங்கு பெருகியது. ஆனால் பெரும்பரப்புக்கு விரிந்தபோது எளிதில் பெருக்க முடிந்தது குழாயும் மானியமுமே. முதற்பயிர் முழுவதும் உடன்நின்ற அறிவியலாளரையும், கூடிப் பேசிய சங்கத்தையும், பொது நாற்றங்காலையும் அதே விகிதத்தில் பெருக்குவது எந்த நிர்வாகத்துக்கும் அரிது. அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் தோன்றின. வேளாண் பல்கலைக்கழகத்தின் மின்-வேளாண்மைத் திட்டத்தில் வயலில் எடுத்த படங்கள் தொலைவிலுள்ள அறிவியலாளருக்கு அனுப்பப்பட்டு ஆலோசனை பெறப்பட்டது; 2018இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலி மானியப் பதிவையும் சந்தை விலையையும் கைபேசிக்குள் கொண்டுவந்தது. கேள்விக்கு விடை தருவதில் இவை வல்லவை. அடைத்த சொட்டுவானைக் கையில் எடுத்துச் சரிசெய்து காட்டும் பக்கத்து நிலத்துக்காரரின் இடத்தை இவை நிரப்புமா என்பது வேறு கேள்வி.

நிலத்தடி நீரின் நிலையும் இவ்வரலாற்றில் தீராத கணக்காகவே உள்ளது. ஒரு செடிக்குத் தேவைப்படும் நீர் குறைந்தால், மிச்சமான நீரில் மேலும் ஓர் ஏக்கர் பயிரிட எண்ணுவது இயல்பு. அப்போது வயலில் சிக்கனம் நிலவினாலும் பாறை வெடிப்புகளிலிருந்து எடுக்கப்படும் மொத்த அளவு குறையவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. மார்க்கண்டேய நதியின் மேற்பகுதியில் கோலார் மாவட்டக் குடிநீருக்காகக் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டியதைத் தடுக்கக் கோரிய தமிழ்நாட்டின் மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆற்றுநீரின் பங்கு குறித்த கவலை இவ்வாறு தொடரும் வட்டாரத்தில், தனித்தனி வயலின் துல்லியம் மட்டுமன்றி, ஒரே பாறைநீரைப் பகிர்ந்துகொள்ளும் கிணற்றுக்காரர்கள் அனைவரும் சேர்ந்து எவ்வளவு எடுப்பது என்று முடிவுசெய்யும் அமைப்பும் வேண்டியதாகிறது. துல்லியப் பண்ணைய சங்கங்கள் இடுபொருளுக்கும் விலைக்கும் கூடின. நீரின் அளவை வரையறுப்பது அவற்றின் நோக்கங்களில் இடம்பெறவில்லை.

கவலையிலிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து சொட்டுநீருக்கும் வந்த இவ்விரு மாற்றங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில், கிருஷ்ணகிரி எல்லைப்புற விவசாயி புதுமையை மறுப்பவர் என்ற பழைய அலுவலகக் கருத்துக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. பழுதுபார்ப்பவரும், நாற்றும், உரமும், சந்தையும், அண்டை வயலின் சான்றும் எட்டும் தொலைவில் அமைந்தபோதெல்லாம் அவர் கருவியை விரைந்தே ஏற்றுள்ளார். ஆகவே இத்தகைய திட்டங்களின் வெற்றியை இத்தனை ஹெக்டேரில் குழாய் பதிக்கப்பட்டது என்ற கணக்கால் மட்டும் அளப்பது போதாது. மானியக் காலம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னும் எத்தனை அமைப்புகள் இயங்குகின்றன, பழுதானவற்றை யார் சரிசெய்கின்றனர், முதலில் கற்றவரிடமிருந்து எத்தனை பேர் கற்றனர் என்ற கணக்குகளும் அரசின் ஆண்டறிக்கையில் இடம்பெற்றால்தான், 2004இல் இங்கு கிடைத்த அனுபவம் பிற வட்டாரங்களுக்குப் பயன்படும் பாடமாக மாறும்.